பிரெஞ்சு படிச்சா வெளிநாட்டுல வேல கெடைக்குமா? பத்தாங் பெர்ஜுந்தைல அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் மலேசியா சிலாங்கூர்ல இருக்குற பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா எங்க வாயில இன்னும் பத்தாங்தான். அம்மா ரப்பர் பால் வெட்டுனவங்க, அப்பா செம்பனை எண்ணெ மில்லுல இருந்தாரு, நான் படிச்சு முடிச்சு கிள்ளான்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேல செஞ்சேன், அப்புறம் பிரெஞ்சு படிச்சு 2024 கடைசில பிஆரோட, அதாவது நிரந்தரமா தங்குற அனுமதியோட, கனடா போனேன், இப்ப நியூ பிரன்ஸ்விக் மாநிலத்துல மாங்க்டன்ங்கிற ஊர்ல இருக்கேன். லீவுக்கு வந்திருக்கேன். வந்ததுலேருந்து கோயில்ல, பாசார்ல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் தம்பி தங்கச்சிங்க, அவங்க அம்மா அப்பாங்க எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லி விட்டா அது தப்பாப் பரவும், அதான் முழுசா எழுதிடுறேன்.

அக்கா, சுத்தி வளைக்காம சொல்லுங்க, பிரெஞ்சு படிச்சா வேல கெடைக்குமா?

கனடாவுக்குள்ள போறதுக்கு பிரெஞ்சு ரொம்பப் பெரிய உதவி. போன பெறகு வேல கெடைக்கிறதுக்கு, எந்த ஊர்ல எறங்குறீங்க, கையில என்ன தொழில் இருக்கு, இங்லிஷ் எப்படி, இது மூணையும் பொறுத்து பிரெஞ்சு ரொம்ப உதவும் இல்லன்னா கொஞ்சம்தான் உதவும். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறதுனாலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. பிஆர் வந்துட்டா வேலயும் கூடவே வந்துரும்னு நெனைக்கிறாங்க. அப்படி வராது. எனக்கு அங்க போயி நாலு மாசம் வேல இல்ல, கையில இருந்த காச எண்ணி எண்ணி சாப்பிட்டேன். ஆனா நாலாவது மாசம் கெடச்ச வேல பிரெஞ்சு இல்லன்னா கெடச்சிருக்காது, இதயும் சேத்தே சொல்லணும்.

பிஆருக்கு எவ்ளோ உதவும்? கணக்கு போட்டுக் காட்டுங்க.

கனடால எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு முறை, 2015 ஜனவரில ஆரம்பிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கும் சிஆர்எஸ்னு ஒரு பாயிண்ட் போடுவாங்க, அதிகபட்சம் 1200. மேல இருக்குறவங்கள கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிடுற ஒவ்வொரு சுத்துக்கும் டிரான்னு பேரு, அதுல கூப்பிட்ட கடைசி ஆளோட பாயிண்ட்தான் கட்டாஃப்.

நம்ம ஊரு பிள்ள ஒருத்தர வச்சுப் பாப்போம். 27 வயசு, கல்யாணம் ஆகல, டிகிரி இருக்கு, இங்லிஷ் பரீட்ச நல்லா எழுதி நாலு பகுதிலயும் சிஎல்பி 9 (கனடாவோட இங்லிஷ் அளவு) வாங்கியாச்சு, மலேசியால மூணு வருஷம் ஆபீஸ் அனுபவம். வயசுக்கு 110, டிகிரிக்கு 120, இங்லிஷுக்கு 124, படிப்பும் இங்லிஷும் சேந்ததுக்கு 25, அனுபவமும் இங்லிஷும் சேந்ததுக்கு 50. மொத்தம் 429. நல்ல பிள்ளதான், கொற சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா 2025-ல ஏற்கனவே கனடால வேல செஞ்சவங்களுக்கு நடந்த டிராவே 500-க்கு மேலதான் ஓடுச்சு. 429-ஐ வச்சுக்கிட்டு இங்கேருந்து காத்துக்கிட்டுதான் இருக்கணும்.

அதே பிள்ள பிரெஞ்சுல நாலு பகுதிலயும் லெவல் 7 வாங்குனா, ரெண்டாவது மொழிக்கு 12, அது மேல கூடுதலா 50. இப்ப 491. அதவிடப் பெரிய விஷயம் என்னன்னா, 2023-லேருந்து பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு தனி டிரா நடத்துறாங்க. 2024 பிப்ரவரி ஆரம்பத்துல 7,000 பேரக் கூப்பிட்டாங்க, கட்டாஃப் 365. அந்த மாசக் கடைசில இன்னொண்ணு, 336-க்கே எறங்கிருச்சு. 2025 மார்ச்சுல 7,500 பேரு, 379. என்னக் கூப்பிட்டது அந்த 7,000 டிராவுலதான்.

ஏன் இப்படித் தூக்கி விடுறாங்கன்னு கேப்பீங்க. கியூபெக் மாநிலத்துக்கு வெளிய பிரெஞ்சு பேசுறவங்க கொறஞ்சுக்கிட்டே வர்றாங்க, 2016 கணக்கெடுப்புல 3.6 விழுக்காடு, 2021-ல 3.3. அத நிறுத்தணும்னு அரசாங்கம் இலக்கு வச்சு ஆள் எடுக்குது. அதாவது அவங்க தேடுறது சர்டிஃபிகேட் இல்ல, அங்க வந்து பிரெஞ்சுல வாழுற ஆளு. இத மனசுல வச்சுக்குங்க. எந்த வகைக்கு டிரா நடத்துறதுன்னு அமைச்சர்தான் முடிவு பண்றாரு, அது மாறலாம், அதனால நான் சொன்ன கட்டாஃப்பையே பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திராதீங்க.

லெவல் 7-ன்னா என்ன? எந்தப் பரீட்ச?

பிரெஞ்சுக்கு என்சிஎல்சின்னு அளவு வச்சிருக்காங்க. 7-ன்னா, ஏ1-லேருந்து சி2 வரைக்கும் ஏறுற ஐரோப்பா அளவுல ஏறக்கொறைய பி2. கேக்குறது, படிக்கிறது, எழுதுறது, பேசுறது நாலுலயும் 7 வேணும், மூணுல 9 வாங்கி ஒண்ணுல 6 வாங்குனாக்கூட இந்த டிராவுல சேர முடியாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஏத்துக்குறது டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா ரெண்டு மட்டும்தான். ரிசல்ட் ரெண்டு வருஷம் செல்லும். டெல்ஃப்னு இன்னொரு பரீட்ச இருக்கு, அதுக்கு ஆயுசுக்கும் சர்டிஃபிகேட் தருவாங்க, படிப்புக்கு நல்லது, ஆனா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஆகாது. ஒரு தங்கச்சி டெல்ஃப் பி2 எழுதி வச்சுட்டு சந்தோஷமா எங்கிட்ட காட்டுச்சு, திரும்பவும் வேற பரீட்ச எழுதணும்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு, அது மொகம் வாடுனது இன்னும் கண்ணுல நிக்குது.

எவ்ளோ நாளு ஆகும்? மூணு மாசத்துல முடியும்னு டிக்டாக்ல சொல்றாங்களே?

மூணு மாசத்துல பேரு சொல்லி, ஊரு சொல்லி, காப்பி கேக்கலாம். பி2-க்கு ஏறக்கொறைய 600 மணி நேரம் படிக்கணும்னு வச்சுக்குங்க. வேலக்கிப் போயிக்கிட்டே தெனமும் ஒரு மணி நேரம் படிச்சா ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும்.

நான் ஆரம்பிச்சது 2020 மார்ச்சுல, கொரோனாவுக்கு எம்சிஓன்னு ஊரடங்கு போட்ட அந்த வாரம். வீட்டுல ஒரே ஹால், தம்பி கேம் விளையாடுவான், அப்பா டிவில வானவில் சேனல் பாப்பாரு, நான் குசினில அரிசி டின்னு மேல போன சாய்ச்சு வச்சுக்கிட்டு படிச்சேன். முதல் ஆறு மாசம் நல்லாப் போச்சு. ஏழாவது மாசத்துலேருந்து ஒரு வருஷம் முன்னேறுன மாதிரியே தெரியல, படிக்கத் தெரியுது, எழுதத் தெரியுது, காதுல விழுந்தா மட்டும் ஒண்ணும் புரியல. கட்டுப்பாடு தளந்த பெறகு சனிக்கெழம விடிகால பஸ் பிடிச்சு கேஎல் (கோலாலம்பூர்) போயி வகுப்புல ஒக்காந்தேன், திரும்பி வர்றப்ப மணி மூணு நாலு ஆயிரும்.

2022-ல டிசிஎஃப் எழுதுனேன். கேக்குற பகுதில 39 கேள்வி, ஆடியோ ஒரே ஒரு தடவதான் ஓடும், திரும்ப வராது. ரயில் எத்தன மணிக்குன்னு ஒரு கேள்வி, அத யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்தது வந்துருச்சு, அதயும் விட்டேன், அப்படியே வரிசையா நாலஞ்சு போச்சு. ரிசல்ட் 441. லெவல் 7-க்கு 458 வேணும். பதினேழு மார்க்குல போச்சு. அன்னிக்கி பஸ்ஸுல ராவாங் தாண்டுற வரைக்கும் அழுதேன். அப்புறம் ஒரு வருஷம் வேற எதையும் தொடல, தெனமும் பிரெஞ்சு ரேடியோ மட்டும், பாத்திரம் கழுவும்போது, மோட்டார்ல போகும்போது ஒரு காதுல, தூங்கும்போதுகூட. 2023 கடைசில ரெண்டாவது தடவ எழுதி தாண்டுனேன். ஆகமொத்தம் மூணே முக்கால் வருஷம். வகுப்பு, வழிகாட்டி ரெண்டும் ஆரம்பத்துலேருந்தே இருந்தா நீங்க இதுல பாதில முடிச்சிரலாம், அத நம்பிதான் இவ்ளோ எழுதுறேன்.

தமிழ் பேசுற நமக்கு பிரெஞ்சு கஷ்டமா?

இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம பிள்ளைங்க அஞ்சு வயசுலேருந்தே வீட்டுல தமிழ், ஸ்கூல்ல மலாய், அப்புறம் இங்லிஷ், பக்கத்து வீட்டு சீனப் பாட்டிகிட்ட நாலு வார்த்த ஹொக்கியென்னு வளந்தவங்க. நாலாவது மொழின்னதும் பயப்பட ஒண்ணுமில்ல.

தமிழ்ப்பள்ளில புணர்ச்சின்னு படிச்சோமே, நிலைமொழி வருமொழின்னு, அது பிரெஞ்சுலயும் இருக்கு. 'லே' தனியா சொன்னா லே, 'ஆமி' தனியா சொன்னா ஆமி, ரெண்டையும் சேத்து நண்பர்கள்னு சொன்னா 'லேஸாமி'. நடுவுல ஒரு ஒலி எந்திரிச்சு வருது. எங்க வகுப்புல சீன, மலாய்ப் பிள்ளைங்க இதுல முழிச்சப்ப எனக்கு மட்டும் இது ஏற்கனவே பழகுன மாதிரி இருந்துச்சு, ஆறாம் வகுப்பு டீச்சர் போர்டுல எழுதுனது ஞாபகம் வந்துச்சு. அதே மாதிரி நீ, நீங்க. பிரெஞ்சுல 'த்யூ', 'வூ'. இங்லிஷ்காரங்களுக்கு எத எப்ப சொல்றதுன்னு கொழப்பம், நமக்கு பெரியவங்கள நீங்கன்னு சொல்றது ரத்தத்துலயே இருக்கு.

கஷ்டமான எடம்னா, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பால் பெண்பால். மேச பெண்ணு, புத்தகம் ஆணு, மனப்பாடம்தான் வழி. அப்புறம் எண்ணு. 70-ஐ அறுபதும் பத்தும்னு சொல்லுவாங்க, 80-ஐ நாலு இருபதுன்னு, 95-ஐ நாலு இருபதும் பதினஞ்சும்னு. எழுதிப் பாத்தா சிரிப்பா இருக்கும், போன்ல ஒருத்தர் வேகமா பாலிசி நம்பர் சொல்லும்போது கை நடுங்கும். எண்ண மட்டும் தனியா தெனமும் பத்து நிமிஷம் கேளுங்க, அங்க வேலையில மொதல்ல சோதிக்கிறதே அதுதான்.

இன்னொண்ணு, கனடா பிரெஞ்சு வேற மாதிரி இருக்கும். பாரிஸ்காரங்க 'பெத்தி'ன்னு சொல்றத கியூபெக்ல 'பெட்ஸி'ன்னு சொல்லுவாங்க, காருக்கு 'ஷார்'னு சொல்லுவாங்க. எங்க மாங்க்டன்ல சியாக்னு ஒரு பேச்சு, பிரெஞ்சும் இங்லிஷும் கலந்தது, கார நிறுத்திட்டேன்னு சொல்ல 'ஜே பார்க்கே மோன் ஷார்'னுவாங்க. நம்ம இங்க பார்சல் கட்டுறத சோறு தாப்பாவ் பண்ணிட்டு வான்னு சொல்றோம்ல, அதே மாதிரிதான். மொத நாளு பயந்தேன், ரெண்டு மாசத்துல அந்தப் பேச்சு மேல பாசமே வந்துருச்சு.

எங்க படிக்கிறது?

கேஎல்ல லோரோங் கர்னில அலியான்ஸ் ஃப்ரான்செஸ் இருக்கு, நேர்லயும் ஆன்லைன்லயும் வகுப்பு நடத்துறாங்க, பரீட்ச விவரமும் அங்கயே கேட்டுக்கலாம். ஆரம்ப கட்டத்துக்கு யூடியூப், ஃபோன் ஆப் போதும். பி1 தாண்டுனா ஒரு ஆளு வேணும், நீங்க பேசுறதக் கேட்டு திருத்துற ஆளு. காசு கொஞ்சம்தான் இருக்குன்னா அத அந்தக் கட்டத்துக்குன்னு எடுத்து வைங்க.

கியூபெக் போனா பிரெஞ்சு கண்டிப்பா வேணுமா?

ஆமா, கண்டிப்பா. அங்க 1977-லேருந்து பிரெஞ்சு மொழிச் சட்டம் இருக்கு, 2022-ல அத இன்னும் இறுக்குனாங்க. புதுசா வர்றவங்களுக்கு ஆறு மாசத்துக்கு அப்புறம் அரசாங்கம் பொதுவா பிரெஞ்சுலதான் கடிதம் அனுப்பும். 2025 ஜூன்லேருந்து 25 பேரு வேல செய்ற சின்னக் கம்பெனிகூட வேலையில பிரெஞ்சு பொழங்குதுன்னு காட்டியாகணும். நர்ஸ், இன்ஜினியர் மாதிரி லைசென்ஸ் வேணும்கிற தொழிலுக்கு பிரெஞ்சு தெரியும்னு நிரூபிக்கணும். இன்னொரு பக்கம், பிரெஞ்சு தவிர வேற மொழி வேணும்னு முதலாளி கேக்கணும்னா அதுக்குத் தகுந்த காரணம் காட்டணும். மாண்ட்ரியல்ல கடைக்குள்ள போனா 'போன்ஜூர், ஹாய்'னு ரெண்டும் சொல்லுவாங்க, அதப் பாத்து இங்லிஷ் போதும்னு நெனச்சு வந்தவங்க சமையக்கட்டுலயும் கிடங்குலயும் வருஷக்கணக்கா நின்னுடுறாங்க.

ஒண்ணு கவனிக்கணும். கியூபெக் தன் ஆள தானே தேர்ந்தெடுக்கும், 1991-ல மத்திய அரசோட போட்ட ஒப்பந்தம் அப்படி. எக்ஸ்பிரஸ் என்ட்ரில போறவங்க கியூபெக்குக்கு வெளிய குடியிருக்கப் போறோம்னு சொல்லித்தான் போறாங்க. மாண்ட்ரியல்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அங்க தங்கிக்கலாம்னு பொய் சொல்லிப் போகாதீங்க.

ஸ்காபரோ, டொரண்டோ பக்கம் நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்களே, அங்க போனா?

யாழ்ப்பாணத்துத் தமிழங்க அங்க ரொம்பப் பேரு, கோயிலு, கட, எல்லாம் இருக்கு, மனசுக்கு ஆறுதல். ஆனா அங்க பெரும்பாலான வேலைக்கு பிரெஞ்சு யாரும் கேக்க மாட்டாங்க. பேங்க், விமானக் கம்பெனி, இன்சூரன்ஸ், இந்த மாதிரி நாடு முழுக்கக் கிளை இருக்குற எடத்துல மட்டும் ரெண்டு மொழி ஆளுக்குத் தனி மதிப்பு. மூணு வருஷம் கஷ்டப்பட்டுப் படிச்சு அங்க போயி ஒரு வார்த்த பிரெஞ்சு பேசாம இருந்து மறந்தவங்க உண்டு, பாக்கவே பாவமா இருக்கும்.

அப்ப எந்த ஊர்ல, எந்த வேலைக்கு பிரெஞ்சு உண்மையிலேயே காசு?

நியூ பிரன்ஸ்விக் ஒண்ணுதான் ரெண்டு மொழியும் ஆட்சி மொழியா இருக்குற மாநிலம். மாங்க்டன்லயும் பக்கத்துல டியெப்லயும் ரெண்டு மொழி கால் சென்டர், இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி வேல. ஒட்டாவால மத்திய அரசாங்க ஆபீஸ், நாடு முழுக்க மத்திய அரசாங்க வேலையில பத்துல நாலுக்கு ரெண்டு மொழியும் வேணும்னு வச்சிருக்காங்க. ஒண்டாரியோ வடக்குல சட்பரி, டிம்மின்ஸ். மனிதோபால வின்னிபெக் பக்கம் சான் போனிஃபாஸ். பால்வாடி ஆசிரியை, பிரெஞ்சு வழி ஸ்கூல் டீச்சர், முதியோர் இல்லப் பராமரிப்பு, நர்ஸ், இதுக்கெல்லாம் பிரெஞ்சு தெரிஞ்ச ஆளு பத்தல. டீச்சருக்கும் நர்ஸுக்கும் அந்த மாநில லைசென்ஸ் வேணும், அது தனிப் போராட்டம், மொழி இருந்தா மட்டும் போதாது.

என் இன்டர்வியூவ சொல்றேன். ஜனவரி மாசம், வெளிய பனி, பூட்ஸ ஹீட்டர் பக்கத்துல காய வச்சுட்டு குசினி மேசையில லேப்டாப் தொறந்து ஒக்காந்தேன். இருபது நிமிஷம் இங்லிஷ்ல கேட்டாங்க, கிள்ளான்ல என்ன செஞ்சேன், கிளெய்ம் எப்படிப் பாப்பேன்னு. நல்லாப் போச்சு. திடீர்னு அந்தம்மா பாதி வாக்கியத்துல பிரெஞ்சுக்கு மாறுனாங்க. ஒரு வயசானவரு, வீட்டு அடித்தளத்துல தண்ணி ஏறிருச்சு, பாலிசில அது கவர் ஆகல, கோவமா கூப்பிட்டு இருக்காரு, நீங்க அவருகிட்ட சொல்லுங்கன்னாங்க. பரீட்சைக்குப் படிச்ச பிரெஞ்சுல இது எதுவும் இல்ல. நான் முதல்ல 'ஐயா, உங்க வீட்டுல இப்ப எல்லாரும் பாதுகாப்பா இருக்கீங்களா'ன்னு கேட்டேன், இலக்கணம் ரெண்டு எடத்துல தப்பாப் போச்சு, ஆனா நிறுத்தல. ரெண்டு நாள்ல வேல வந்துச்சு. பின்னாடி அந்தம்மாவே சொன்னாங்க, தப்பில்லாம எழுதத் தெரிஞ்சு போன்ல பேசப் பயப்படுற ஆளுங்களதான் நாங்க நெறைய பாக்குறோம்னு. கிள்ளான் அனுபவமும் பிரெஞ்சும் சேந்துதான் அந்த வேலைய வாங்கித் தந்துச்சு, ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் வந்திருக்காது.

நான் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்ச எஸ்பிஎம் மட்டும்தான், தோட்டத்துல வேல. எனக்கு வழி இருக்கா?

தம்பி, இதுக்கு நேராவே சொல்றேன், நீங்க காசு தொலச்சிரக் கூடாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரில வெளிநாட்டு அனுபவத்த வச்சுப் போறதுக்கு, கனடா வேலப் பட்டியல்ல டீயர்ங்கிற மட்டத்துல 0-லேருந்து 3 வரைக்கும் உள்ள வேலையில கொறஞ்சது ஒரு வருஷம் வேணும். செம்பனைக் குலை வெட்டுறது, உரம் போடுறது அதுல வராது. ஆனா வயர்மேன், வெல்டர், கனரக வண்டி மெக்கானிக், இதெல்லாம் வரும். மில்லுல ஃபிட்டரா இருக்குறவங்க முதலாளிகிட்ட வேலக் கடிதத்துல என்னென்ன செய்றோம்னு விவரமா எழுதி வாங்கி வைங்க.

இன்னொரு வழி, மொபிலிட்டே ஃப்ராங்கோஃபோன்னு ஒரு வேல பெர்மிட். கியூபெக்குக்கு வெளிய ஒரு முதலாளி உங்களுக்கு வேல குடுத்தா, உள்ளூர் ஆளு கெடைக்கலன்னு அவரு நிரூபிக்கத் தேவையில்ல. 2023 ஜூன்லேருந்து கேக்குறதுலயும் பேசுறதுலயும் லெவல் 5 இருந்தாப் போதும், எழுதத் தெரியணும்னு இல்ல. சமையல், ஓட்டல், லாரி, கடை, எல்லா மட்ட வேலையும் சேரும், கீழ்மட்ட விவசாய வேல மட்டும் சேராது. லெவல் 5-ங்கிறது ஒரு வருஷ உழைப்பு. முதலாளியக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். 2025-ல பிரெஞ்சு சமூகங்களுக்குன்னு ஒரு புதுத் திட்டமும் ஆரம்பிச்சாங்க, ஆறு எடம், அதுல சட்பரியும் டிம்மின்ஸும் இருக்கு, அங்க நாலு பகுதிலயும் லெவல் 5 வேணும், அங்கயும் அந்த ஊரு முதலாளி வேல குடுக்கணும்.

ஏஜெண்ட் பிரெஞ்சு வகுப்பும் வேலையும் சேத்து பேக்கேஜ்னு சொல்றாரு, கட்டலாமா?

கட்டாதீங்க. என் சித்தி மகன் 18,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டுனான், சித்தி தாலிக்கொடி அடமானத்துக்குப் போச்சு. மூணு மாச வகுப்பு, ஒரு பேப்பர், வேல ஆஃபர் லெட்டர் வரும் பாயிண்ட் கூடும்னு சொன்னாங்க. லெட்டர் வரவே இல்ல, அந்த ஆளு நம்பரும் மாத்திட்டாரு. வேல ஆஃபருக்குத் தர்ற பாயிண்ட 2025 மார்ச் 25-ஆம் தேதியோட எடுத்தே எடுத்துட்டாங்க, அதுக்கு அப்புறமும் அதயே சொல்லி வித்துக்கிட்டு இருக்காங்க. வேல வாங்கித் தர்றேன்னு வெளிநாட்டு ஆளுகிட்ட காசு வாங்குறது அங்க சட்ட விரோதம். காசு வாங்கிக்கிட்டு கனடா பேப்பர் வேல பாக்குறவங்க அந்த நாட்டு வக்கீலாவோ லைசென்ஸ் உள்ள ஆலோசகராவோ இருக்கணும், ஆலோசகர் பேர அவங்க பதிவேட்டுல யாரு வேணாலும் ஆன்லைன்ல தேடிப் பாக்கலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஃபாரம் நீங்களே நிரப்பலாம், நான் நானேதான் நிரப்புனேன்.

காசு வேணும்தான், அது வேற எடத்துக்கு. போறப்ப தனி ஆளுக்கு 15,000 கனடா டாலருக்கு மேல பேங்க்ல காட்டணும். அது உங்க பேர்ல, உங்க கணக்குல இருக்கும், யாருக்கும் குடுக்குறதில்ல.

இங்லிஷ் வீக், அத விட்டுட்டு பிரெஞ்சு மட்டும் படிக்கலாமா?

வேணாம்மா. பிரெஞ்சு 7 இருந்து இங்லிஷ் 5-க்குக் கீழன்னா கூடுதல் பாயிண்ட் 25, இங்லிஷ் 5 இருந்தா 50. கியூபெக்குக்கு வெளிய ரெண்டு மொழி வேலன்னா ரெண்டுலயும் பேசணும், மேனேஜர் மீட்டிங் இங்லிஷ்ல நடக்கும். முதல்ல இங்லிஷ நிமித்துங்க, அப்புறம் பிரெஞ்சு.

எனக்கு 36 வயசு, ரெண்டு பிள்ள. லேட்டா?

29 வரைக்கும் வயசுக்கு 110 பாயிண்ட், 35-ல 77, 40-ல 50, 45-ல ஒண்ணுமில்ல, இது தனி ஆளு கணக்கு. புருஷன் பொண்டாட்டியா விண்ணப்பிச்சா கொஞ்சம் வேற. அதனால ஆமா, வயசு கொறைக்கும். ஆனா பிரெஞ்சு டிரா கட்டாஃப் கீழ எறங்குனதால முப்பது தாண்டுனவங்களுக்குத்தான் இது நெஜமான வாய்ப்பு, எங்கூட வகுப்புல படிச்ச ஒரு அக்கா 38 வயசுல போனாங்க. வீட்டுல ரெண்டு பேருல யாருக்கு மொழி சீக்கிரம் வருதோ அவங்க படிங்க, இன்னொருத்தர் பிள்ளைங்களப் பாத்துக்குங்க.

கனடா வேணாம், பிரான்ஸ் போனா?

பாரிஸ்ல லா ஷப்பெல் பக்கம் ஈழத் தமிழங்க கட வரிசையா இருக்கு, ஆனா அங்க கனடா மாதிரி பாயிண்ட் போட்டு பிஆர் தர்ற முறை இல்ல. வேல, இல்லன்னா படிப்பு, அத வச்சுத்தான் போகணும். 2026 ஜனவரிலேருந்து பல வருஷ அட்டைக்கு ஏ2, பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 பிரெஞ்சு கேக்குறாங்க. அங்க பிரெஞ்சு கூடுதல் தகுதி இல்ல, மூச்சு மாதிரி.

நம்ம தோட்டத்துக்கும் பிரெஞ்சுக்கும் என்னம்மா சம்பந்தம், இது நமக்கு ஒட்டுமா?

இது கோயில்ல ஒரு தாத்தா கேட்டது. தாத்தா, நம்ம ஊரு தென்னமரம் தோட்டத்துலதான் 1917-ல ஆன்ரி ஃபொக்கோனியேங்கிற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டோட முதல் வர்த்தகச் செம்பனைய நட்டாரு. அந்த மரத்துக்குக் கீழதான் நம்ம குடும்பங்க எல்லாம் சோறு தின்னுச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க பேச்சக் கேட்டுத் தலையாட்டி நின்ன எடத்துலேருந்து, இன்னிக்கி நம்ம வீட்டுப் பொண்ணு அதே மொழில எதிருல ஒக்காந்து பேசுது. எனக்கு இது சின்ன விஷயம் இல்ல தாத்தா.

பொண்ணத் தனியா அனுப்பலாமா? குளிரு, சாப்பாடு?

எங்கம்மாவும் இதேதான் கேட்டாங்க. குளிரு மைனஸ் இருபது வரைக்கும் போகும், நல்ல கோட்டு அங்க போயி வாங்குங்க, இங்க கேஎல்ல வாங்குறது தாங்காது. அரிசி, பருப்பு, மசாலா கெடைக்கும், நம்ம ஊரு பாபா கறித்தூள் மட்டும் நான் பெட்டில கொண்டு போறேன். கோயிலு பக்கத்துல இல்ல, தைப்பூசத்துக்கு வீட்டுலயே வேலு வச்சுப் பால் ஊத்துனேன். முதல் குளிருல தனியா இருந்து அழுத நாளு உண்டு, அத மறைக்க மாட்டேன். பொண்ணுக்கு அங்க பேச்சுத் துணைன்னு ஒரு ஆளு, ஒரு வீடு, போறதுக்கு முன்னாடியே பேசி வச்சுட்டு அனுப்புங்க ஆன்ட்டி.

ஒங்களப் பாத்துப் பேசணும், எப்ப வரலாம்?

இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம இருக்கேன். சாயங்காலம் நாலு மணிக்கு கோயில் பக்கத்துல இருக்குற மண்டபத்துக்கு வாங்க. எஸ்பிஎம் சிலிப், டிகிரியோ டிப்ளமாவோ இருந்தா அதோட காப்பி, இப்ப செய்ற வேலையப் பத்தி அரைப் பக்கம் எழுதி எடுத்துட்டு வாங்க, ஒவ்வொருத்தருக்கும் பாயிண்ட் கணக்கு போட்டுத் தர்றேன். காசு எதுவும் கொண்டு வர வேணாம். ஹெட்போன் இருந்தா கொண்டு வாங்க, எண்ணு கேக்குற பயிற்சிய அன்னிக்கே ஆரம்பிச்சிரலாம்.